மூன்றாம் மாடி, பின்பக்கச் சன்னல்

பதினோரு வருடமாக இந்தச் சன்னல்
வெளிச்சத்துக்கு மட்டும்தான் சம்மதித்திருந்தது.
காற்றுக்கு இல்லை.
போன வாரம் ரொட்டி கருகி
புகை போக வழியில்லாமல்
அபாய மணியின் கீழே துண்டை வீசிக்கொண்டு நின்றபோதுதான்
போதும் என்று தோன்றியது.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
அம்மிக்குக் கண்ணாடி கிடையாது.
அதனால் அடிக்கவில்லை.
வெண்ணெய்க் கத்தியைவிட மெல்லிய தகடொன்றை எடுத்து
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே
நுழைய ஓர் இடம் தேடினேன்.
இடம் இல்லை. பெயின்ட்தான் இருந்தது.

ஈரத்துணி, முகமூடி, சுரண்டி.
மேலே லாக்லன் அடித்த வெள்ளை.
அதன் கீழே கஸ்டர்ட் மஞ்சள்,
ஆஸ்பத்திரிப் பச்சை,
அடியில் ஒரு பழுப்பு:
டண்டீயில் சணல் ஆலைகள் ஓடிய காலத்தில்
யாரோ வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சியதை
டப்பாவில் கொண்டுவந்து பூசியது போல.

அடைத்தவர் யாரென்று துப்புத் துலக்க வேண்டியதில்லை.
குற்றவாளி சமையலறையில்
ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.
எதிர்க்கட்டடத்துப் பெட்ரி வீட்டுப் பையன்
கார்னெட் பழகத் தொடங்கிய பிப்ரவரி அது.
ஒரே மெட்டு, ஒரே இடத்தில் தடுக்கி விழும்.
ஒரு வாரம் பொறுத்தார்.
எட்டாம் நாள் தூரிகையோடு வந்து
இடுக்கெல்லாம் வழித்துப் பூசி
"பளிச்சென்று இருக்கிறதல்லவா?" என்றார்.
நானும் ஆமாம் என்றேன்.
எனக்கும் அந்த மெட்டுத் தாங்கவில்லை
என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

பக்கப் பட்டிகளைப் பெயர்த்தபோது
ஆணிகள் பல் பிடுங்கும் சத்தத்தோடு வந்தன.
கண்ணாடிப் பலகத்தைக் கழற்றி
மேசைமேல் கிடத்தினேன்.
திறந்த ஓட்டை வழியே டே ஆற்றின் மூடுபனி
யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து
சோபாவில் உட்கார்ந்தது.

பெட்டிச் சட்டத்துக்குள், இருட்டில்,
கயிறு அறுந்து விழுந்த
இரும்புக் கட்டிகள் இரண்டு.
சமையலறைத் தராசில் வைத்தேன்.
ஒன்று நான்கு கிலோ.
மற்றது மூன்றே முக்கால், கொஞ்சம் கூட.
இந்தக் கோணலோடா
இத்தனை காலம் ஏறி இறங்கியது?
குறைந்ததோடு தூண்டில் ஈயத்தைச் சேர்த்துக் கட்டினேன்.
லாக்லனுடையது. கேட்கவில்லை.

கப்பிக்கு ஒரு சொட்டு எண்ணெய். புதுக் கயிறு.
முடிச்சு மூன்று முறை நழுவியது.
நான்காம் முறையும் நழுவியது.
அப்புறம் எப்படியோ நின்றது.
தடத்தில் தேய்க்க மெழுகு தேடினால்
அவருடைய அறுபதாம் பிறந்தநாள் கேக்கில் நின்ற
எண் மெழுகுவத்திகள் கிடைத்தன.
ஆறு முழுக்கக் கரைந்துவிட்டது.
சைபர் மிச்சம்.

பலகத்தை மாட்டினேன்.
ஒரு விரல். அவ்வளவுதான்.
ஏறிற்று.

ரேடியோ நின்றது.
லாக்லன் வந்து தலையை வெளியே நீட்டி
காதை எதிர்க்கட்டடத்தின் பக்கம் திருப்பினார்.
ஒரு கடற்காகம்.
கீழே யாரோ குப்பைத் தொட்டியை மூடினார்கள்.
வேறொன்றும் இல்லை.
"அந்தப் பையன்?"
"அபர்டீனில் பல் வைத்தியனாம்."
"ஓ" என்றார்.
சற்று நேரம் கழித்து
அந்த மெட்டைச் சீட்டியடித்தார்.
தடுக்கும் இடம் வந்தது.
அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இரவுக் காற்றில் சன்னல் கடகடத்தது.
இறுகிக் கிடந்தபோது இந்தத் தொல்லை இல்லை.
இரண்டு மணிக்கு அவர் எழுந்து போவது கேட்டது.
மறுபடி பெயின்ட் டப்பாவைத் தேடுகிறாரோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் பார்த்தேன்.
இடுக்கில்
நாலாய் மடித்த மின்கட்டண ரசீது.
இழுத்தால் வந்துவிடும்.